வாத்து நின்ற இடம்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையிலிருந்தே திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. வட்டத்துக்குக் கீழே, 'பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்று ஒரு வேண்டுகோள். அணைக்கும் எண்ணம் எனக்கில்லை. உடைக்கும் எண்ணம் இருந்தது.

"போன தடவை அப்டேட் பண்ணினப்போ பிரிண்ட் பட்டனைக் காணோம். அதுக்கு முந்தின தடவை பாஸ்வேர்டையெல்லாம் காணோம். இந்தத் தடவை என்ன காணாம போகப் போகுதோ," என்றேன்.

"துப்பறியும் ஆபீஸ்தானே, கண்டுபிடி," என்றார் அண்ணி. தலையில் ஏற்றிவைத்த கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். இந்தத் துப்பறியும் நிறுவனம் அண்ணியுடையது, நான் உதவியாளன். வெளி ஆட்கள் முன்னால் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. ஒரு நாள்கூட நான் அதைக் காப்பாற்றியதில்லை.

போன் அடித்தது. பேசியவர் ஒரு மனநல மருத்துவர். சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருப்பவர். குரல் நடுங்கியது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் கிளினிக் மானம் கப்பலேறப் போகுது. உடனே வர முடியுமா?"

கப்பல் என்றதும் அண்ணி போட்டோவில் இருந்த அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேயிருந்தது.

கிளினிக் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகள் காலி. வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உயரமான வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ரிசப்ஷனிஸ்ட், அழுது வீங்கிய கண்களோடு. முப்பது வயது இருக்கும். அவள் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கிளினிக்குக்கு வழக்கமாக வரும் சிஸ்டம் ஆள்.

டாக்டரம்மா காலையில் வந்த மெயிலைக் காட்டினார். 'உங்கள் நோயாளிகள் எல்லோருடைய குறிப்புகளும் எங்களிடம் இருக்கின்றன. இன்று மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் ஊரே படிக்கும்.' அவ்வளவுதான்.

"பணம் ஏதாவது?" என்றார் அண்ணி.

"கேட்கல."

"வேற என்ன கேட்கறாங்க?"

"ஒண்ணுமே கேட்கல."

"கேட்காம கொடுக்கிறதுக்கு மிரட்டல்னா பேரு?" என்று அண்ணி தனக்குள்ளே முனகிக்கொண்டார். பிறகு சிஸ்டம் ஆளிடம் திரும்பினார். "எப்படி உள்ள வந்தான்?"

"பழைய பிரவுசர், மேடம். உடம்பெல்லாம் ஓட்டை. நேத்து மத்தியானம் அப்பாயின்ட்மென்ட் கேட்டு ஒரு மெயில் வந்திருக்கு. திறந்ததும் 'அப்டேட் பண்ணு'ன்னு போலியா ஒரு பெட்டி வந்திருக்கு. அசலா வர்றதுக்கும் அதுக்கும் வித்தியாசமே கிடையாது. இவங்க 'இப்போதே'ன்னு அழுத்திட்டாங்க. திருடனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி."

"நான் அழுத்தல!" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

"மெஷின்ல பதிவாகியிருக்கே."

"புது பிரவுசர் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"போட்டா இவங்க பேஷன்ட் புரோகிராம் வேலை செய்யாது, சார். வெறும் வெள்ளைத் திரைதான் வரும். அதை எழுதிக் கொடுத்த கம்பெனியும் இழுத்து மூடிட்டான்."

"அப்போ புதுசாக்கினா புரோகிராம் சாகும். ஆக்கலன்னா திருடன் வருவான்."

"கரெக்ட் சார்."

"நல்ல இடமாப் பார்த்துத்தான் வாக்கப்பட்டிருக்கீங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

சிஸ்டம் ஆள் தொடர்ந்தார். நேற்று அந்தப் போலிப் பெட்டி வந்து கொஞ்ச நேரத்தில் அசல் பெட்டியும் வந்திருக்கிறது. இவள் அதிலும் 'இப்போதே' அழுத்தியிருக்கிறாள். நிஜமாகவே புது பிரவுசர் இறங்கி ஓட்டை அடைபட்டு, திருடன் வெளியே விழுந்துவிட்டான். கூடவே புரோகிராமும் வெள்ளையாகிவிட்டது. இப்போது அவர் பழைய பிரவுசரை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அப்போ திருடனுக்கு ரொம்ப நேரம் கிடைக்கல," என்றார் அண்ணி. "எத்தனை பேர் குறிப்பைத் திறந்தான்?"

சிஸ்டம் ஆள் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் சிஸ்டம் ஆள். "இவங்களோடது."

"என்னோடதா?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

விஷயம் இதுதான். புருஷன் விபத்தில் போனபோது தூக்கமே இல்லாமல் இந்தக் கிளினிக்குக்கு நோயாளியாக வந்தவள் அவள். தேறியதும் டாக்டரம்மாவே வேலை கொடுத்தார். இப்போது மாமியார் கேஸ் போட்டிருக்கிறார். 'இவளுக்கு மனநிலை சரியில்லை, பேத்தியை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்' என்று. நாளைக்கு விசாரணை.

"அந்தக் குறிப்பு வெளிய வந்துச்சுன்னா என் பொண்ணு என்கிட்ட இருக்க மாட்டா, மேடம்," என்றாள். "பைத்தியம்னு முத்திரை குத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது என் கொழுந்தன் மட்டும்தான். அவர்தான் தினமும் ஸ்கூல்ல இருந்து அவளை இங்க கூட்டிட்டு வந்து விடறார்."

டாக்டரம்மா எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கு. கேஸுக்கு முன்னாடி தன் ஃபைலை அழிக்கணும்னு இவளே யாரையாவது உள்ள விட்டிருப்பாளோ? அஞ்சு மணிக்குள்ள வேற பதில் கிடைக்கலன்னா நான் போலீஸ்ல இவ பேரைத்தான் சொல்லியாகணும்."

"அது வரைக்கும் சொல்லாதீங்க," என்றார் அண்ணி.

மேஜைக்குத் திரும்பி, ரிசப்ஷனிஸ்டிடம் கேட்டார். "ஏம்மா, நேத்து நீ என்னதான் அழுத்தினே?"

"வாத்தை."

நான் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

அவள் திரையைக் காட்டினாள். கண்ணாடி மேல் ஒரு மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற சமாச்சாரம். அப்டேட் பெட்டி தினமும் திரையில் ஒரே இடத்தில் வரும். அதில் 'இப்போதே' என்று பெரிய நீலப் பட்டன், பக்கத்தில் 'பிறகு' என்று கண்ணுக்கே தெரியாத சாம்பல் பட்டன். ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே தப்பாக நீலத்தை அழுத்தி, புரோகிராம் செத்து, டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். மறுநாளே 'பிறகு' வருகிற இடத்தில், கண்ணாடி மேலேயே, மகளுடைய வாத்தை ஒட்டிவிட்டாள். அதிலிருந்து அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் ஒரே சட்டம்தான். பெட்டி வந்தால் படிக்க வேண்டாம், வாத்தை அழுத்து.

"பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வாத்து வச்ச முதல் ஆபீஸ் இதுவாத்தான் இருக்கும்," என்றேன்.

"நாய் வச்சா பேஷன்ட் பயப்படுவாங்க," என்றார் சிஸ்டம் ஆள். முதல்முறையாக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்குள் பழைய பிரவுசர் ஏறிவிட்டது. ஏறிய கையோடு, கடன்காரன் மாதிரி, அப்டேட் பெட்டியும் வந்து நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

வாத்து நீலப் பட்டன் மேல் நின்றது.

ரிசப்ஷனிஸ்ட் விரலைத் திரைக்குக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். "இது... இங்க இல்லையே. நான் ஒட்டினது அந்தப் பக்கம்."

அண்ணி தலைமேலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். 'பிறகு' இருந்த இடத்தில் திரையின் தூசிக்கு நடுவே, வாத்து அளவுக்கு ஒரு சுத்தமான திட்டு இருந்தது. நகர்த்தியிருக்கிறார்கள். விரல்கடை தூரம், அவ்வளவுதான்.

"நீ பொய் சொல்லலம்மா. மெஷினும் பொய் சொல்லல," என்றார். "நீ வாத்தைத்தான் அழுத்தினே. வாத்துதான் இடம் மாறிடுச்சு."

நான் சிஸ்டம் ஆளை ஒரு பார்வை பார்த்தேன். போலிப் பெட்டி, மெயில், பிரவுசர் ஓட்டை எல்லாம் தெரிந்த ஆள், வாத்தையும் தெரிந்த ஆள். "அண்ணி, நீங்க கண்ணைக் காட்டினா ஆளைப் பிடிச்சுக் கட்டிடலாம்," என்று கிசுகிசுத்தேன்.

"வீட்டுச் சாவியைக் கையில வச்சிருக்கிறவன் எதுக்கு ஜன்னல் கம்பியை அறுக்கணும்?" என்றார் அண்ணி, அவருக்குக் கேட்கும்படியே. "இவருக்கு வேணும்னா உட்கார்ந்த இடத்துல இருந்தே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம். வாத்தை நகர்த்த வேண்டிய அவசியம், வேற வழியே இல்லாதவனுக்குத்தான்."

சிஸ்டம் ஆள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் கூரையில் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன்.

"இந்த மேஜைக்குப் பின்னாடி யார் யார் வருவாங்க?"

"நான், டாக்டரம்மா, இவர். வேற யாரும் வரமாட்டாங்க மேடம்." கொஞ்சம் நிறுத்தி, "குட்டி வருவா. ஸ்கூல் விட்டதும் என் பக்கத்துலதான் உட்கார்ந்து படம் வரைவா," என்றாள்.

அண்ணி நகத்தால் வாத்தின் ஓரத்தைக் கிளப்பினார். அடியில் பசையோடு பசையாக, பிள்ளைகள் படத்தில் ஒட்டுகிற வெள்ளி மினுமினுப்புத் தூள்.

அது யார் விரலில் இருந்து வந்தது என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. ரிசப்ஷனிஸ்டின் முகம் கல்லாகிவிட்டது. "என் பொண்ணு அப்படியெல்லாம் பண்ண மாட்டா," என்றாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"பண்ணலன்னு நானும்தான் நினைக்கிறேன்," என்றார் அண்ணி. "சரி, உன் ஃபைலைத் திற, பார்க்கலாம்."

அவள் புரோகிராமில் தன் பெயரை அழுத்தினாள். அழுத்திய வேகத்திலேயே கீபோர்டில் ஒரு விசையை டக் டக் என்று ரெண்டு தடவை தட்டினாள்.

"எதுக்குத் தாளம் போடறீங்க?" என்றேன்.

"இதுவும் இந்தச் சனியனோட குணம் சார். ஒருத்தர் பேரைத் தொட்டா, மேல அவங்க பேரு வந்துடும். கீழ அதுக்கு முன்னாடி பார்த்தவங்களோட குறிப்பே அசையாம நிக்கும். ரெண்டு தட்டு தட்டினாத்தான் மாறும். எங்களுக்குக் கை தானாப் போயிடும்."

"எத்தனை நாளா இதைச் சரிபண்ணுங்கன்னு கத்தறேன்," என்றார் டாக்டரம்மா.

அண்ணி தட்டிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். டாக்டரம்மாவிடம் போய்க் காதில் ஏதோ கேட்டார். டாக்டரம்மா யோசித்தார், ஏதோ பதில் சொன்னார், சொல்லி முடிக்கும்போது அவர் முகம் மாறியிருந்தது.

"நான் கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க," என்றார் அண்ணி அவரிடம். எனக்கு வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை.

கடிகாரம் நாலைத் தாண்டியது. நான் நடந்தேன். சிஸ்டம் ஆள் ஒயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. படியில் தடதடவென்று சின்னக் கால்கள். வண்டியை நிறுத்துகிற ஆளுக்கு முன்னாலேயே ஓடி வந்தாள் ஆறு வயதுக் குட்டி. முன்பல் இரண்டும் இல்லை.

அண்ணி முழங்காலிட்டு உட்கார்ந்தார். "குட்டி, இந்த வாத்து முன்னாடி இங்கதானே நின்னுது? ரொம்ப அழகா நகர்த்தி ஒட்டியிருக்காங்களே, யாரு?"

"நான்தான்," என்றாள் பெருமையாக. "அது தரையில நின்னுச்சு. பாவம்ல? அந்தப் பெட்டி வர்றப்ப நீலக் குளம் வரும். முந்தாநாள் அதுல நீந்த விட்டேன்."

"நல்ல யோசனை. நீயே யோசிச்சியா?"

"சித்தப்பா சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லக்கூடாது, அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு சொன்னாரு." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

ரிசப்ஷனிஸ்ட் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படியில் செருப்புச் சத்தம் ஏறிவந்தது.

"குழந்தை சொன்னது கோர்ட்ல நிக்காது," என்று அண்ணி வேகமாகச் சொன்னார். "அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க. குட்டியை உள்ள கூட்டிட்டுப் போங்க." சிஸ்டம் ஆள் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குள் போனார்.

"அண்ணி!" என்றது வாசலில் ஒரு குரல்.

இரண்டு அண்ணிகளும் திரும்பினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சொல்லை நான் நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். பசித்தால் சொல்கிறேன், பயந்தால் சொல்கிறேன். அதே சொல், அதே உரிமை, அதே குழைவு.

இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தின் அடையாள அட்டை. "என்ன அண்ணி, அழுதீங்களா? ஏன் ஆளே இல்ல?"

அண்ணி, அதாவது என் அண்ணி, அலுத்துக்கொண்ட குரலில் ஆரம்பித்தார். "வாங்க தம்பி. பெரிசா ஒண்ணுமில்ல. யாரோ கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து உங்க அண்ணி ஃபைலைத் திருடிட்டானாம். என்னைக் கூப்பிட்டுட்டாங்க. அதுல என்ன இருக்கப் போகுது? தூக்கம் வரல, அழுகை வருது, அவ்வளவுதானாம். வெளிய வந்தா வந்துட்டுப் போகுதுன்னு நான் கிளம்பிட்டேன்."

"பழைய பிரவுசர் வச்சிருந்தா இப்படித்தான் ஆகும், நான் கிளாஸ்லயே சொல்றது." அவன் தலையை ஆட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா சாதாரணமா நினைச்சுடாதீங்க மேடம். அண்ணி வெளிய சொல்லிக்க மாட்டாங்க. கோபம் வந்தா பாத்திரத்தை ஜன்னல் வழியா எறியறது, பூட்டின கதவையே விடிய விடியப் பூட்டிப் பூட்டிப் பார்க்கிறது... இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லியிருப்பாங்க. நான் அவங்க பக்கம்தான். இருந்தாலும் அந்த வீட்ல ஒரு குழந்தை எப்படி வளரும்னு கோர்ட்ல கேட்பாங்க இல்லையா?"

"நானா?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட். "நான் எப்போ பாத்திரத்தை எறிஞ்சேன்?"

அண்ணி டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எறியறது வேற ஒருத்தர்," என்றார் டாக்டரம்மா. நடுக்கமெல்லாம் எங்கே போனதோ, குரல் கத்தி மாதிரி வந்தது. "யாருன்னு சொல்ல மாட்டேன். நேத்து காலையில நான்தான் என் கையால எழுதினேன். ஜன்னல், பாத்திரம், பூட்டு, எல்லாமே அந்த ஒருத்தரோட குறிப்புல மட்டும்தான் இருக்கு. இதுவரை யார்கிட்டயும் சொல்லல."

"வீட்ல... அம்மா சொன்னாங்க..."

"அம்மா சொல்லல தம்பி. திரை சொல்லுச்சு," என்றார் அண்ணி. "உங்க அண்ணி பேரை அழுத்தினீங்க. மேல அவங்க பேரு வந்துச்சு. கீழ வந்ததைப் படிச்சீங்க. அது முந்தின பேஷன்டோட கதை. ரெண்டு தட்டு தட்டணும். அது இங்க வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதுக்குள்ள நீங்க குளத்துல விட்ட வாத்தே அசல் அப்டேட்டையும் அழுத்த வச்சு உங்களை வெளிய தள்ளிடுச்சு."

அவன் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

"அஞ்சு மணி மிரட்டல் வெறும் திரைச்சீலை," அண்ணி விடவில்லை. "அதான் ஒண்ணும் கேட்கல. நாளைக்கு கோர்ட்ல அந்தக் குறிப்பை நீட்டினா எங்கிருந்து வந்துச்சுன்னு கேள்வி வரும். நெட்ல எல்லார் குறிப்பும் கிடந்துச்சு, அதுல இதுவும் ஒண்ணுன்னு கையை விரிச்சிடலாம். அவ்வளவுதானே?"

அவன் வாசலைப் பார்த்தான். வாசலில் நான் நின்றேன். குத்துச்சண்டை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவன் என்னைத் தாண்டிப் போயிருக்க முடியாது.

"அவ எங்க அண்ணன் ரத்தம்," என்றான். "எங்க வீட்லதான் வளரணும்."

"அவர் போன அன்னைக்கு நீங்கதானே என் கையைப் பிடிச்சுட்டு, நான் இருக்கேன் அண்ணின்னு சொன்னீங்க?" என்றாள் ரிசப்ஷனிஸ்ட். கோபமாகக் கேட்டிருந்தால்கூட அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டாக்டரம்மா போலீசுக்குப் போன் செய்தார். இந்தத் தடவை சரியான பெயரைச் சொன்னார். அவர்கள் வந்து அவனை அழைத்துப்போனபோது சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரிசப்ஷனிஸ்டின் பெயரை அழுத்தி, விசையை ரெண்டு தடவை தட்டினார். "நாளைக்கு நானே கோர்ட்டுக்கு வந்து இதைப் படிக்கிறேன்," என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். கடைசி வரி எனக்கும் தெரிந்தது. 'நன்றாகத் தூங்குகிறார். மகளுடன் சிரிக்கிறார். இனி சிகிச்சை தேவையில்லை.'

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே," என்றார் டாக்டரம்மா. அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து வந்த குட்டி, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவின் மடியில் ஏறினாள். "வாத்து தப்பு பண்ணிடுச்சாம்மா?"

"இல்லடா தங்கம்," என்றாள் அவள், மகளின் தலையில் முகத்தை வைத்து. "வாத்து போகச் சொன்ன இடத்துக்குத்தான் போச்சு."

குட்டி ஸ்டிக்கரை உரித்தாள். பழைய இடத்தில் ஒட்டப் போனவளை அம்மா தடுத்து, தன் புறங்கையைக் காட்டினாள். வாத்து அங்கே ஏறியது. திரையில் அப்டேட் பெட்டி இன்னும் நின்றது. அவள் குனிந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து, பிறகுதான் அழுத்தினாள்.

படியிறங்கும்போது நான், "அண்ணி," என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன்."

அண்ணி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தோளில் லேசாக ரெண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கினார்.